ஒட்டிப்போன இரண்டு பக்கங்களும் செல்வி சிமியோன் றோஸின் பரீட்சைத் தடையும்

அனுப்புநர்:
செல்வி தம்பிராசா பராசக்தி,
மட்டுவில் தெற்கு,
சாவகச்சேரி.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிருவாக அலுவலகம்.
(தபால் ஒழுங்கில்லாதபடியால் நேரில் கையளிக்கப்படுகிறது)

விடயம்: புவியியல் இறுதியாண்டுப் பரீட்சையில் பார்த்து எழுதினார் என்று செல்வி சி. றோஸுக்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுத் தடையை மீளாய்வு செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலுக்கு இந்த மாதம் மூன்று தடவை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனவள் நான். நேரில் சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதித் தங்கள் நேரத்தை எடுப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்தால், "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். சென்ற யூன் மாத விசாரணையிலும் நான் அதைத்தான் செய்தேன். அதனால் வந்ததே இந்த மனு.

1. நான் இப்பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இவ்வாண்டு ஆவணி மாதம் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தியடைந்தேன். என் தகப்பனார் வயலில் கமம் செய்பவர். பல்கலைக்கழகப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் அவர் கைநாட்டே வைத்திருக்கிறார். கட்டணம் கேளாமல் படிப்பிக்கும் இடம் ஒன்று இல்லையென்றால் நான் இந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். செல்வி றோஸும் அப்படித்தான். அவர் குருநகரைச் சேர்ந்தவர். தகப்பனார் திரு. சிமியோன் கடற்றொழிலாளி. நாங்கள் இருவரும் மூன்று வருடங்கள் கொக்குவிலில் ஒரே அறையில் இருந்து, ஒரு சைக்கிளில் வந்து படித்தோம்.

2. பரீட்சையில் கரையோரப் புவியியல் வினாத்தாளின் நான்காம் வினாவுக்கு நாங்கள் இருவரும் எழுதிய விடையில் ஒரு வசனம் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது. அந்த வசனம் பிழையானது. "வடகடலில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் அமைதியாக இருப்பதால் மீன்பிடி வள்ளங்கள் ஆழ்கடல் வரை செல்கின்றன" என்பதே அது. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும் என்பது தாங்கள் அறிந்தது. நாங்கள் இருவரும் நேர் எதிராக எழுதியிருந்தோம். சுட்டெண் வரிசையில் நான் முன்னாலும் அவர் எனக்கு நேர் பின்னாலும் இருந்தபடியால், பின்னால் இருந்தவரே பார்த்து எழுதினார் என்று கருதப்பட்டது.

3. அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்பதை இப்போது எழுதுகிறேன். கரையோரப் புவியியலுக்குத் தமிழில் இருந்த நூல் ஒன்றுதான். அதில் நூலகத்தில் இருந்த பிரதியும் ஒன்றுதான். மின்சாரம் இல்லாமல் படப்பிரதி எடுக்கும் இயந்திரம் மூடிக் கிடந்தது. ஆகவே மாணவர் பெயர்களைப் பட்டியலிட்டு, ஆளுக்கு ஒரு மணித்தியாலம் என்று அந்த நூலைத் தருவார்கள். வாசிகசாலை மேசையில் இருந்து கையால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கொப்பிக்கும் தட்டுப்பாடு. றோஸுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கொப்பி. அவர் கை மெதுவாக எழுதும் கை ஆனபடியால் எழுதும் வேலை என்னுடையது. எழுதியதை இருவரும் பாடமாக்குவோம். பட்டியலில் எங்கள் பெயர்களே கடைசி.

4. சென்ற வருடம் கார்த்திகை 19ஆம் திகதி முற்பகல் பதினொரு மணியளவில், நான் அந்த நூலின் 83ஆம் பக்கத்தின் கடைசி வரியை எழுதி முடித்தபோது குண்டு போடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. எல்லாரும் எழும்பி நூலகத்துக்குப் பின்னால் நிலத்தில் வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினோம். செருப்பை விட்டுவிட்டேன். புத்தகம் மட்டும் கையோடு வந்துவிட்டது. அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. நூலை வெளியே எடுப்பவரும் பழுதாக்குபவரும் பரீட்சைக்குத் தகுதி இழப்பர் என்று சுவரிலும் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. பங்கருக்குள் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. என் கையில் நூலைக் கண்ட றோஸ், "எடியே, புத்தகத்தையும் காப்பாத்திப் போட்டாயோ? பொம்மர்க்காரன் புவியியல் படிக்கவோ வாறான்?" என்றார். அந்த நேரத்திலும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பிலும் நெரிசலிலும் யாரோ என் முழங்கையில் இடிக்க, நூல் தண்ணீரைத் தொட்டது. நான் உடனே தூக்கிவிட்டேன். ஆனால் தொட்டுவிட்டது.

5. திரும்பி வந்தபோது எங்கள் நேரத்தில் பத்து நிமிடமே மீதி இருந்தது. நூலைப் பாவாடை விளிம்பால் துடைத்தேன். நூலக உதவியாளர் திரு. தில்லைநாதன் காண்பாரோ என்ற பயத்தில் பக்க இலக்கத்தைப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டி, விட்ட இடத்தில் இருந்து எழுதத் தொடங்கினேன். விட்ட இடத்தில் இருந்துதான் எழுதுகிறேன் என்று நம்பினேன்.

6. அன்று பின்னேரம் அறையில் அதை வாசித்த றோஸ் நிறுத்திவிட்டார். அவர் சொன்ன சொற்களையே தருகிறேன் (ஐயா என்று அவர் சொல்வது தம் தகப்பனாரை). "உது பிழையெடி. வாடைக்கு வடகடலிலை வள்ளம் இறக்கேலுமோ? எங்கடை ஐயா கேட்டால் கொப்பியாலையே உனக்கு அடிப்பார்." நான், "புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு" என்றேன். எனக்குக் கடல் தெரியாது. எங்கள் பக்கத்தில் வாடை என்றால் மழையும் நெல்லும்தான். றோஸ் அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு, "அப்ப சரி. எங்கடை ஐயா அஞ்சாம் வகுப்பு. உதை எழுதினவர் லண்டனிலை படிச்சவர்" என்று சொல்லிவிட்டு அதையே பாடமாக்கினார். ஐயா, அவர் செய்த குற்றம் இவ்வளவுதான். தான் கண்ணால் கண்டதை விட்டு, புத்தகம் என்று நான் சொன்னதை நம்பினார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன். எங்கள் இரண்டு வீட்டிலும் முதலில் புத்தகம் படித்தவர்கள் நாங்கள். புத்தகம் பிழை என்று சொல்ல எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

7. விசாரணைக்கு முதலில் அழைக்கப்பட்டவள் நான். விடையைக் காட்டினீரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. இருவரும் சேர்ந்து படித்தீர்களா, குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைக் காட்டினால் நூலைக் கேட்பார்கள், நூலைக் கண்டால் நனைந்தது தெரியும், நனைந்தது தெரிந்தால் என் பரீட்சை போய்விடும் என்று அந்த ஒரு நிமிடத்தில் என் மனம் கணக்குப் போட்டது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. "வேறை சொல்ல ஏதும் இருக்கோ?" என்று கேட்டபோதுதான் "ஒன்றுமில்லை ஐயா" என்றேன்.

8. அடுத்து றோஸை அழைத்தார்கள். புழுக்கம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தபடியால் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. குழுவில் ஒருவர், "கடற்கரைப் பிள்ளைக்கு வாடைக்கடல் தெரியாதோ? உது உம்மடை மண்டையிலை இருந்து வந்ததில்லை. முன்னுக்கு இருந்தவவைப் பாத்து எழுதினது. ஓமோ, இல்லையோ?" என்றார். வேறொருவர் சிரித்தார். கேட்டவர் பாதி சரியாகத்தான் சொன்னார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த வசனம் றோஸின் மண்டையில் இருந்து வந்ததல்ல. என் கையில் இருந்து வந்தது. பிறகு றோஸின் குரல் கேட்டது. "ஓம், பாத்தனான்."

9. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவர் சொன்னது: "நீ முன்னுக்கு இருந்தனீ, நான் பின்னுக்கு இருந்தனான். உனக்கு முதுகிலை கண்ணெண்டு ஆரும் நம்புவினமே? புத்தகக் கதை வந்தால் ரெண்டு பேரும் போறம். ஒராள் போனால் காணும்." சைக்கிளில் ஏறச் சொன்னார், ஏறினேன். கொக்குவில் வரைக்கும் அவரே மிதித்தார்.

10. ஆவணியில் எனக்குப் பெறுபேறு வந்தது. அவருக்குத் தடைக் கடிதம் வந்தது. இப்போது அவர் கோயில் வளவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை வரும் சனவரி 11ஆம் திகதி என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. இதற்கு முந்திய நியமனம் நடந்து நான்கு வருடங்கள். அடுத்தது எப்போது என்று சொல்ல எவராலும் முடியாது. பெறுபேற்றுப் பத்திரம் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

11. அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துக்கொண்டு இம்மாதம் 8ஆம் திகதி குருநகருக்குப் போனேன். என்ன செய்யப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. திரு. சிமியோன் என்னை இருத்தித் தேநீர் தந்தார். சீனி கிடைக்காத நாளில் எனக்கு மட்டும் பனங்கட்டி வைத்தார். பிறகு மெல்லிய குரலில், "பிள்ளை, நீ அவளோடை ஒண்டாப் படிச்சனீ. ஒண்டு கேக்கிறன். இவள் வாடையைக் கண்டு வளந்தவள். ஒரு வாடைக்குத்தான் இவளின்ரை அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. அப்பிடிப்பட்டவள் உப்பிடி எழுதுவாளோ? ஆரையோ பாத்துத்தான் எழுதியிருக்கிறாள். களவெடுத்துப் போட்டாள், என்ன?" என்றார். றோஸுக்கு ஒரு தமையன் இருந்தார் என்பது மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த எனக்குத் தெரியாது. நான் பனங்கட்டியைக் கையில் வைத்தபடி இருந்தேன். றோஸ் வாசலில் வந்து நின்று, "ஐயா, அவளை விடுங்கோ. மட்டுவிலுக்குச் சைக்கிள் உழக்க வேணும், இருட்டிப் போடும்" என்று என்னை எழுப்பி அனுப்பிவிட்டார்.

12. அடுத்த நாள் நூலகத்துக்குப் போனேன். திரு. தில்லைநாதன், "படிச்சு முடிச்ச பிறகும் உந்தப் புத்தகமோ, பிள்ளை?" என்று சொல்லிக்கொண்டு எடுத்துத் தந்தார். 83ஆம் பக்கத்துக்கு அடுத்துப் புரண்டது 86ஆம் பக்கம். இடையில் உள்ள 84ஆம், 85ஆம் பக்கங்கள் நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு வருடமாக எவரும் பிரிக்கவில்லை. 83ஆம் பக்கம் "வடகடலில் வாடைக்காற்று வீசும் மாதங்களில்" என்று முடிகிறது. 86ஆம் பக்கம் "கடல் அமைதியாக இருப்பதால் மீன்பிடி வள்ளங்கள் ஆழ்கடல் வரை செல்கின்றன" என்று தொடங்குகிறது. அது தென்மேல் காற்று வீசும் சோளகக் காலத்தைப் பற்றியது என்பது அப்பக்கத்தைத் தொடர்ந்து வாசித்தால் தெரியும். நூலை எழுதியவர் பிழை விடவில்லை. நான் பிரித்துப் பார்க்காமல் விட்டு வந்தேன். தாங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கும்வரை அது அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக.

ஆகவே ஐயா, நான் கேட்பவை இவை. அந்த நூலைத் தங்கள் முன் எடுப்பித்து, இத்துடன் வைத்திருக்கும் கொப்பியின் என் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சனவரி 11ஆம் திகதிக்கு முன் விசாரணையை மீளக் கூட்டி, செல்வி றோஸின் தடையை நீக்கி, அவருடைய பெறுபேற்றை வெளியிட வேண்டும். நூலை வெளியே எடுத்ததற்கும் பழுதாக்கியதற்கும் விசாரணையில் மறைத்ததற்கும் உரிய தண்டனை எனக்கே வர வேண்டும். அதற்காக என் பெறுபேற்றுப் பத்திரத்தின் மூலப்பிரதியை இம்மனுவோடு இணைத்திருக்கிறேன். அதனால் அந்த நேர்முகத்துக்கு நான் போக முடியாது என்பதைத் தெரிந்தே இணைத்திருக்கிறேன். இதைப்பற்றி வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் கடைசி வரை வைத்திருந்தேன். விசாரணை மீண்டும் கூடும் நாளில் திரு. சிமியோனையும் அழைக்க வேண்டும். கதவு அன்று போலவே திறந்திருக்கட்டும், நான் வெளி வாங்கில் இருப்பேன். றோஸை நிற்க வைக்காமல் ஒரு கதிரை கொடுத்து, தகப்பனார் கேட்டிருக்க, வாடைக்காலத்தில் வடகடல் எப்படி இருக்கும் என்று அவரிடம் ஒரு முறை கேட்க வேண்டும். அவர் சரியாகச் சொல்வார்.

பணிவுடன்,
த. பராசக்தி

மட்டுவில் தெற்கு,
1992 கார்த்திகை 20.