முதல் ஸ்லைடில் உன் படம்

என் தங்க நைனாவுக்கு,

நாளைக் காலையில் கல்லூரி அரங்கத்தில், புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர்கள் முன்னால் நான் பேச வேண்டும். முதல் ஸ்லைடில் மாலை போட்ட உன் படத்தை வைக்கச் சொல்கிறார்கள். வைக்கட்டுமா நைனா? உன்னைக் கேட்காமல் எப்படி வைப்பது?

எதற்கென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலை மேடையில் நீ நின்றாய். ஒரு மழைநாளில் ஈர இரும்பு கொதிக்கிற குழம்பில் விழுந்தது. குழம்பு வெடித்து எகிறியது. நீ வீடு திரும்பவில்லை. எம்.இ. படிக்கும்போது நான் அதைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன். கிரேன் தூக்கி வருகிற இரும்பின் மேல் ஒளியைப் பாய்ச்சி, ஈரம் இருந்தால் அலறுகிற ஒரு பெட்டி செய்தேன்.

முன்னெல்லாம் இந்த மாதிரி ஆய்வு பைண்டிங் போட்டு அலமாரியில் தூங்கும். இப்போது கல்லூரிகளுக்குப் புது ஆசை வந்திருக்கிறது. கட்டுரை எழுதினால் போதாதாம், கம்பெனி தொடங்க வேண்டுமாம். எங்கள் கல்லூரியிலும் அதற்கென்று ஒரு மையம் உண்டு. ஏசி அறை, கலர் கலராக நாற்காலி. கிண்டல் செய்கிறேனே தவிர, காப்புரிமைக்கு மனு போட்டதும் பெட்டி செய்ய இடம் கொடுத்ததும் அவர்கள்தான். கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மில்லும் திருந்தப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கி மாட்டினால்தான் உண்டு.

மையத்தின் மேலாளர் நல்ல மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் ஸ்டோரிதான். "உன் டெக்னாலஜி அவங்களுக்குப் புரியாதும்மா. அப்பா செத்தது புரியும். ஃபோட்டோவ போட்டு ஆரம்பி, ஹாலே அழுதுடும்" என்றார். மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். உன் சாவு என்ன, கடை வாசலில் மாட்டுகிற போர்டா?

போன வெள்ளிக்கிழமை ஒரு மில்லில் பெட்டியை மாட்டிச் சோதித்தோம். உன்னோடு ஒரே ஷிஃப்டில் நின்றாரே செல்வம் சித்தப்பா, அவர் இப்போது அந்த மில்லின் உலை மேடையில் நிற்கிறார். அவர் கை காட்டினால்தான் கிரேன்காரர் இரும்பைக் கொட்டுவார். முதலாளி வந்து நின்றார். மேலாளர் புதுச் சட்டையில் வந்திருந்தார். முதல் லோடு வந்தது. சுக்கு மாதிரி காய்ந்த இரும்பு. பெட்டி அலறியது. அடுத்த லோடும் காய்ந்ததுதான். அதற்கும் அலறியது. உலை காத்துக்கிடக்க, முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஓடிப்போய் மேலே ஏறிப் பார்த்தேன். ஒளி வருகிற கண்ணாடியின் நடுவில் கட்டைவிரல் கனத்துக்கு ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம்! சித்தப்பா வேலை. "சாமி மாதிரி எங்கள காப்பாத்தப் போவுது. வெள்ளிக்கெழம அதுவுமா பொட்டு வெக்காம இன்னா பண்றது?" என்றார். அடிப்பதா அழுவதா தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்தேன். அலறல் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது லோடு வந்தது. மறுபடி அலறியது.

"இன்னும் சந்தனம் ஒட்டிக்கினு கீது. ஆஃப் பண்ணும்மா" என்றார் முதலாளி. "யோவ் செல்வம், போடச் சொல்லுய்யா!"

மேலாளர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார், ஆஃப் பண்ணிவிடு, ஆர்டர் போய்விடும் என்று. கண்ணாடியில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். முந்தின இரவு நல்ல மழை, இந்த லோடு வெளியில் நனைந்து கிடந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கையைத் தூக்கினார். என்ன பேசுகிறோம் என்று யோசிக்கவே இல்லை.

"சித்தப்பா! எங்க நைனா செத்த அன்னிக்கும் இப்படித்தான் ஈரத்தோட போட்டாங்க! கைய இறக்கு!"

அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கி, கிரேன்காரரைப் பின்னால் போகச் சொல்லிக் காட்டியது. பெட்டிக்காக நிற்கவில்லை நைனா, உனக்காக நின்றது.

அந்த லோடை வெயிலில் இறக்கிக் காயவைத்தார்கள். சாயங்காலம் உலையில் போட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா? அதே லோடுதான். ஒன்னும் ஆவலியே. இதுக்கா அவ்ளோ பேஜாரு பண்ண?" என்று கேட்டார். காய்ந்ததால்தான் ஆகவில்லை என்றேன். சிரித்தார். ஆர்டர் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஈரத்தோடு போட்டிருந்தால் வெடித்திருக்குமா? தெரியாது. அதை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது, அந்த வழியில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் மேலாளர், "அங்க கத்துன பாரு, அதே குரல்ல ஹால்லயும் சொல்லு. ஃபண்டிங் கன்ஃபர்ம்" என்றார். கதவைத் திறந்து வழியில் கவரைப்பேட்டையிலேயே இறங்கிவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக் குமுறினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அவரு போனதுக்கு மில்லுல பணம் குடுத்தாங்க. நான் வாங்கிக்கினேன். அதுலதான் நீ படிச்ச. எனக்குக் கூசல, உனக்கு இன்னாடி கூசுது? ஃபோட்டோவ போடு" என்றாள். கல்லூரியில் நான் உட்கார்ந்த பெஞ்சே உன் உயிர்தான் என்றால், இப்போது என்ன பெரிய யோக்கியம் பேசுகிறேன்? அம்மாமேல் கோபம் வந்தது. பிறகு காய்த்துப்போன அவள் கையைப் பார்த்து அழுகை வந்தது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை நைனா. அன்றைக்கு உலை மேடையில் உன் சாவைச் சொன்னேன், ஒரு கை கீழே இறங்கியது. நாளைக்குச் சொன்னால் பாவம் பார்த்துப் பணம் போடுவார்கள். பெட்டி எதற்கென்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே மறந்துவிடுவார்கள். இந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் கண்ணில் காட்ட எதுவுமே இருக்காது. சாவு இருக்காது, மாலை இருக்காது, படம் இருக்காது. இதை எப்படித்தான் விற்பது?

இப்போதுதான் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். நாளைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு மேடையில் வந்து நிற்க வேண்டும் என்றேன். மனுஷர் பதறிவிட்டார்.

"நானா? அங்க வந்து இன்னாத்தம்மா சொல்றது? எனக்குத்தான் ஒன்னும் ஆவலியே!"

"அதத்தான் சித்தப்பா சொல்லணும்."

பணம் கிடைக்குமா, சிரித்து அனுப்புவார்களா, தெரியாது. கிடைக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மில் மில்லாக ஏறி இறங்குவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு நைனா. உன் படம் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.

உன் மூத்த மகள்,
பவானி