அப்பா பாடிய இடத்தில் காம்பா

அப்பாசியா, குவைத்

அன்பு மகள் சுபிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் காய்ச்சல் தடுமன் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். போன் பண்ணும்போதெல்லாம் அம்மா அழுதியா என்று கேட்கிறாய், அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது மக்களே, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கிளினிக் டியூட்டிக்குப் போகிறேன், ஊசி போடுகிறேன், வந்து சோறு வைக்கிறேன், இரண்டு பேருக்கு வைத்துவிட்டால் மீதியை ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான். உன் தம்பி அனீஷ் துபாயிலிருந்து கூப்பிடுகிறான், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

கோயில் பாடகர் குழுவில் அப்பாவும் நானும் படித்துக்கொண்டிருந்த லத்தீன் பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின இத்தாலிப் பாட்டு, ஆர்கன் கிடையாது, நாலு குரல், ஒரு குரல் தொடங்கினதை அடுத்த குரல் பின்னால் வந்து எடுக்கும். அடிக்குரலுக்கு அப்பா ஒருவர்தான். அவர் இல்லாமல் பாடினால் மூன்று குரலும் அந்தரத்தில் நின்றது. அந்தக் காலத்தில் ஒரு குரலுக்கு ஆள் இல்லையென்றால் அதைக் கருவியில் வாசிப்பார்களாம், குழுவை நடத்துகிற ஜிபின் சொன்னான். சால்மியாவிலிருந்து ரொமெல் என்கிற பிலிப்பைன்ஸ்காரரைக் கூட்டி வந்தான். அவரிடம் காம்பா இருக்கிறது, ஆறு கம்பி, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் பிடித்து வில்லால் இழுப்பது. ஜிபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அண்ணனுக்க இடத்துல கருவிய வச்சா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமா" என்று கேட்டான். "வாசிக்கட்டு, பாட்டு நடக்கணும்லா" என்றேன். சங்கடம் என்று ஒன்றும் தோன்றவில்லை.

ரொமெலுக்கு அப்பாவின் பாட்டுத் தாளைக் கொடுத்தேன். அதில் அங்கங்கே பென்சிலில் தமிழில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். மூச்சு என்று எழுதியிருக்கிறார், அங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்றேன். காம்பாவுக்கு மூச்சு வேண்டாம், ஆனாலும் அந்த மனிதர் அந்த இடமெல்லாம் வில்லைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

ஒத்திகையில் கடைசிப் பக்கம் வரைக்கும் போக நேரம் கிடைக்கவில்லை, போன வெள்ளிக்கிழமைப் பூசையில் பாடினோம். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், நான் தாளைப் பார்த்துப் பாடினேன். வில் எழும்பின இடமெல்லாம் அப்பா மூச்சு எடுத்த இடம்தான், அதுவும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைசிப் பக்கத்தில் அடிக்குரலுக்கு ஒரு நீள வரி உண்டு. அதை ஒரே மூச்சில் பாட வேண்டும் என்று ஜிபின் எத்தனை தடவை சண்டை போட்டும் அப்பாவால் முடியாது, நடுவில் திருட்டுத்தனமாக ஒரு மூச்சு எடுப்பார், அதைத் தாளில் எழுதவில்லை. நான் அந்த மூச்சைக் கேட்டுத்தான் என் வரியைத் தொடங்குவேன். ரொமெல் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துக்கொண்டே போனார். நான் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு நின்றேன். என் வரி போய்விட்டது. பக்கத்தில் நின்ற ரினி தனியாகப் பாடி முடித்தாள். அப்பா இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது மக்களே. அழவில்லை, தெரிந்தது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறக்காதே. மாதாவும் குழந்தை இயேசுவும் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். அழுதியா என்று இனிமேல் கேட்காதே, சாப்பிட்டியா என்று கேள்.

உன் அம்மா,
இன்பமணி பர்னபாஸ்