ஆள் வைத்துப் பார்த்த கதை

மரக்காணம்
4.5.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் நலம். அங்க ரூம்ல ஆறு பேர் இருக்கையில போன்ல மனசுவிட்டுப் பேச முடியலேன்னு நீங்கதான் கடிதம் எழுதச் சொன்னீங்க. ஆனா நான் ரெண்டு எழுதினா உங்ககிட்டயிருந்து ஒண்ணுதான் வருது.

நீங்க படிச்சுட்டுக் குடுத்தனுப்பின துப்பறியும் நாவல் வந்துடுச்சு. உப்பு பாக்கெட் போடற ஷெட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். சாப்பாட்டு நேரத்துல நான் சத்தமா வாசிக்கிறேன், கூட வேலை செய்யறவங்க கேக்கறாங்க. மும்பையில இருக்கற கணவன், ஊர்ல இருக்கற மனைவிமேல சந்தேகப்பட்டு, பரத், நிவேதான்னு ரெண்டு தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தறான், கொஞ்ச நாள்ல அவ கொலையாயிடறா இல்ல, அந்த இடத்துலயே சண்டை வந்துடுச்சு. தனகோடிக்கு நிவேதான்னா உயிர். "பொம்பளை புல்லட்டு ஓட்டறாடீ!"ங்கறா. அஞ்சம்மாக்கா ஒத்துக்கல. "கட்டினவளை வாயத் தொறந்து கேக்க மாட்டானாம், ஆள் வச்சுப் பாப்பானாம். அவளைக் கொன்னவனைவிட இவன்தான் மோசம்"னு பாதியில எழுந்து கை கழுவப் போயிட்டாங்க. எனக்கு நிவேதாவையும் பிடிக்குது, அக்கா சொல்றதும் சரின்னு படுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?

உங்கள் அன்பு
நஸ்ரியா


ஷார்ஜா
22.5.2024

அன்புள்ள நஸ்ரியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் எழுதலேன்னு கோவிச்சுக்காத, வேலை முடிஞ்சு வந்தா பேனா பிடிக்கக்கூடத் தெம்பில்ல.

எனக்கென்னவோ அந்தக் கணவன்மேல கோபம் வரல. தூரத்துல இருக்கறவனுக்கு மனசு ஒரு நிலையில இருக்காது. கேட்டா அவ உண்மையச் சொல்லுவாளான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பரத் ஒரு வார்த்தை பேசாம அவ பின்னாடியே போறான் பாரு, கதையில எனக்குப் பிடிச்சதே அதுதான்.

இன்னொண்ணு. சாயங்காலம் நீ யாரோ ஒருத்தன் வேன்ல வந்து இறங்கறேன்னு பக்கத்து வீட்டு கபீர் அண்ணன் போன்ல சொன்னார். யார் அது? சும்மா கேட்டேன், தப்பா எடுத்துக்காத.

அன்புடன்
ஷஃபி


கோட்டக்குப்பம்
3.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வேன் யாருதுன்னு கேட்டீங்க. உப்பு மூட்டை ஏத்தற சிலம்பரசன், பஸ் வராத நாள்ல எங்க எல்லாரையும் ஏத்திட்டு வந்து விடறான்னு அப்பவே எழுதினேன். அதுக்கு உங்ககிட்டயிருந்து பதில் இல்ல. இப்பத்தான் புரியுது.

ஒரு வாரமா ஷெட்டுப் பக்கம் பைக்குல ஒருத்தன் சுத்திட்டிருந்தான். உப்பு வாரறதைப் போட்டோ எடுக்க வந்த பத்திரிகைக்காரன்னான். நேத்து தனகோடி அவன் போனை எட்டிப் பாத்துட்டா. உப்புமில்ல, பாத்தியுமில்ல, எல்லாம் நான். பஸ் ஸ்டாப்புல, டீக்கடையில, வேன்ல ஏறும்போது. அவ போட்ட கூச்சல்ல எல்லாரும் கூடிட்டாங்க. சிலம்பரசன் அவன் சட்டையைப் பிடிச்சு, "டேய், யாருடா நீ?"ன்னு உலுக்கினான்.

"அடிக்காதீங்கண்ணே! நான் டிடெக்டிவ் ஏஜென்சி. இந்தம்மாவோட வீட்டுக்காரர்தான் பாத்துச் சொல்லச் சொன்னார், ஷார்ஜாவுல இருக்காரே, அவரு!"

அஞ்சம்மாக்காதான், "விடுறா. அனுப்பினவன் அங்க இருக்கான், இவனை அடிச்சு என்னா ஆவப்போவுது"ன்னாங்க. என் முகத்தைப் பாக்காம எல்லாரும் வேலைக்குத் திரும்பிட்டாங்க. எனக்குக் கை ஓடல. நேரா இங்க பொறந்த வீட்டுக்கு, அத்தாகிட்ட வந்துட்டேன்.

அவன் சொன்னது பொய்னு ஒரு வரி எழுதுங்க. போதும்.

உங்கள்
நஸ்ரியா


ஷார்ஜா
16.7.2024

என் அன்பு நஸ்ரியாவுக்கு,

போன் போட்டா எடுக்க மாட்டேங்கற. பொய்னு எழுத ரெண்டு தடவை உக்காந்தேன், முடியல.

அண்ணன் சொன்னது ஒரு பக்கம், ரூம்ல ஒருத்தன் குடும்பம் பிரிஞ்சது ஒரு பக்கம். அந்த நாவல் வேற மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. நீ எழுதினதை நம்பியிருக்கணும். அத்தனை பேர் முன்னால உன்னைத் தலைகுனிய வச்சுட்டேனேன்னு நினைச்சா சோறு இறங்கல. மன்னிச்சுடு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த ஆள் நல்லா விசாரிச்சு, உன்மேல ஒரு குறையும் இல்லேன்னு சொல்லிட்டான். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. இப்ப என் மனசு சுத்தமா இருக்குது. இத்தோட விட்டுடுவோம். செப்டம்பர்ல லீவு கிடைச்சிருக்குது. முன்ன மாதிரி ஏர்போர்ட்டுக்கு வா.

உன்
ஷஃபி


கோட்டக்குப்பம்
30.7.2024

மச்சானுக்கு,

உங்க கடிதம் படிச்சு எனக்கும் அழுகை வந்துச்சு, நீங்க அழுத இடத்துலதான். ஒரு குறையும் இல்லேன்னு அவன் சொன்னதும் உங்க மனசு சுத்தமாயிடுச்சு. நான் எழுதினப்போ ஆகலையே.

மறுபடியும் வேலைக்குப் போறேன், இங்கிருந்தே பஸ். முதல் நாள் யாரும் ஒண்ணும் கேக்கல. தனகோடி தன் மீன் குழம்பை எடுத்து என் சோத்துல ஊத்தினா, அவ்வளவுதான். மிச்ச நாவலை வாசிக்கச் சொல்லி யாரும் கேக்கல. கடைசி அத்தியாயத்தை நான் மட்டும் படிச்சேன். பரத்தும் நிவேதாவும் கொலைகாரனைப் பிடிச்சுடறாங்க, எல்லாரும் பாராட்டறாங்க. செத்துப்போன அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு வரி கிடையாது. எழுதினவருக்கு அவளை மறந்தே போச்சு போல.

மாமியை வெள்ளிக்கிழமையில போய்ப் பாத்துட்டு வர்றேன், அவங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஏர்போர்ட்டுக்கு நான் வரல. இங்க வாங்க, அத்தாகிட்ட பேசுங்க, வேணாம்னு சொல்ல மாட்டேன். உங்ககூட திரும்பி வருவேனான்னு மட்டும் கேக்காதீங்க.

போன தடவை கிளம்பும்போது, "வேலையை விட்டுடாத நஸ்ரியா, சாயங்காலம் நீ சிரிச்சுட்டே வீட்டுக்குள்ள வர்றது எனக்குப் பிடிச்சிருக்குது"ன்னீங்க. அப்படிச் சொன்ன மனுஷன்மேல எனக்கு இன்னும் ஆசை இருக்குது. செப்டம்பர்ல வந்து இறங்கறது அவர்தானான்னு பாத்துச் சொல்ல நான் யாரை அனுப்பறது?

நஸ்ரியா