சலீம் திருப்பித் தந்த மீட்டர்

நவம்பர் 12, புதன்

பக்கத்துத் தெருவில் என்னைப் போலவே கிளாசிக்கல் கிதார் செய்கிற சலீம், இன்று என் ஈரப்பத மீட்டரைத் திருப்பித் தந்தான். அதைப் பார்த்துத்தான் இரண்டு கிதார்களுக்கு மேல்பலகை ஒட்டினான். இரண்டும் ஜெய்ப்பூருக்கு விற்றுப் போயின; ஒரே மாதத்தில் இரண்டிலும் விரிசல். காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஒட்டிய பலகை வறண்ட ஊரில் சுருங்கி அப்படித்தான் ஆகும்.

“மீட்டர் மேல தப்பில்லக்கா. என் கைதான் சரியில்ல. கிதார விட்டுட்டு திங்கக்கெழமலேர்ந்து மாடுலர் கிச்சன் வேலைக்குப் போறேன்” என்றான். டீ கூடக் குடிக்கவில்லை.

அவன் போன பிறகு ஏதோ உறுத்தியது. மீட்டரை ஈர உப்போடு ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். ஈர உப்பு உள்ள மூடிய டப்பாவில் காற்றின் ஈரம் எப்போதும் எழுபத்தைந்து சதவீதம்தான்; மீட்டரும் அதையே காட்ட வேண்டும். மாலைவரை அறுபதைத் தாண்டவில்லை. புது பேட்டரி போட்டும் அதேதான். ஈரமான நாளையும் இது வறண்ட நாளாகக் காட்டியிருக்கிறது.

சலீமுக்குப் போன் செய்ய எடுத்தேன், வைத்துவிட்டேன். சொன்னால் ஊரில் கிதார் செய்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த மீட்டரை நம்பி நான் ஒட்டிய நாலு கிதார்கள் வெளியூரில் இருக்கின்றன. வாங்கியவர்கள் யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மீட்டரைத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

சலீமின் கையில் ஒரு குறையும் இல்லை. இதை இங்கே மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.