வலமிருந்து வந்த பன்னிரண்டு

2007 மார்ச் 7, புதன். கராமா, துபாய்.

இன்று ஒன்றாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: கணக்கு டீச்சர், என் மகன் கலீல், மருமகள் நஸ்ரீன், பேத்தி ஆயிஷா, நான். ஆயிஷா பன்னிரண்டை இருபத்தொன்று என்று எழுதுகிறாளாம். அதனால் மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்கப்போவதாக டீச்சர் சொன்னார். பிள்ளை தலை நிமிரவில்லை.

நஸ்ரீன் கணக்கு நோட்டையும் டைம்டேபிளையும் எடுத்து வைத்தாள். "டீச்சர், இவ எல்லா நாளும் தப்பா எழுதலை. அரபி பீரியடு முடிஞ்சு கணக்கு வர்ற நாள்ல மட்டுந்தான். வலப்பக்கத்துலேர்ந்து எழுதுன கை, கணக்குக்கும் அப்படியே வந்துடுது."

டீச்சர் தேதி தேதியாகப் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. நஸ்ரீன் நோட்டின் இடது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, "இங்கேர்ந்து கிளம்பும்மா, யல்லா!" என்றாள். டீச்சர் சொன்ன பத்து எண்களையும் ஆயிஷா பிசகாமல் எழுதினாள்.

"ரெண்டாங் கிளாசுக்கே போகட்டும்" என்றார் டீச்சர்.

என்ன கண் அவளுக்கு! குர்ஆனை நானும் வலமிருந்துதான் ஓதுகிறேன், எனக்கு இது தோன்றவில்லையே. கல்யாணத்தன்று எனக்கு ஸலாம் சொல்ல மறந்தவள் என்று எட்டு வருடமாக நஸ்ரீன் மேல் கோபம் வைத்திருந்தேன். அதை இன்றோடு விட்டேன்.

ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன், "எங்க உம்மா மாதிரி டீச்சர், இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளை காதுபடச் சிரித்துக்கொண்டே சொன்னான் ஒருவன். என் வயிற்றில் பிறந்தவன்தான். கலீலை மன்னிக்க மாட்டேன்.