குயீன்ஸ் தெருவில் எனக்கொரு பேர்

மச்சான்,

உலக மக்கள் அனைவருக்கும் மிகுந்த பணிவுடன் அறியத்தருவது: ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில், எங்கள் கட்டடத்தின் கதவுமணி திருத்தப்பட்டுவிட்டது. ரிப்பன் வெட்ட ஒருவரும் வரவில்லை.

பள்ளியால் வந்து நான்தான் முதலில் அமத்தினேன். அந்தக் 'கிர்ர்' சத்தத்தோடு நீ வந்து நின்றாய். நோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு குளிர்காலமும் முடிந்துவிட்டது; சத்தத்துக்கு அது தெரியவில்லை. உன் அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு நியூயோர்க் வரச்சொல்லி, "ரிக்கற் போடட்டோ தம்பி?" என்று மாமி குரல்பதிவு அனுப்பிக் கேட்டிருக்கிறா.

நீ இங்கே வந்த முதல் ஞாயிறு ஞாபகமா? கடைகள் பூட்டு. தெருவில் ஒரு குருவி இல்லை.

"என்னடா, ஞாயிற்றுக்கிழமையிலை இங்கை ஆக்களையும் பூட்டி வைக்கிறவங்களோ?"

"அமைதியான இடம், மச்சான். நல்ல இடம்."

"நல்ல இடமோ எண்டு மணியடிச்சுப் பாப்பம்."

அதுதான் உன் சோதனை. நியூயோர்க்கில் உங்கள் குயீன்ஸ் தெருவில் மணியை அமத்திவிட்டு ஓடினால், மூலைக்கடை மெக்சிக்கோக்காரர் பேர் சொல்லிக் கத்துவார். வாசல்படியில் இருக்கும் பங்களாதேஷ் அன்ரி சிரித்துக்கொண்டே ஏசுவா. நீ வீட்டுக்கு வரமுன்னம் விஷயம் வந்துவிடும். "ஒளிக்க ஏலாத தெருவிலைதான்ரா இருக்கவேணும்" என்பாய்.

இங்கே, எங்கள் கட்டடத்து வீடுகளின் மணிகள் எல்லாம் இருக்கும் பலகை முழுவதையும் நீ உள்ளங்கையால் ஒரே இழுவை. குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினோம். ஒருவரும் கத்தவில்லை. மறுநாள் படிக்கட்டுச் சுவரில் ஒரு கடதாசி: அமைதி நேரத்தைக் கடைப்பிடிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏசுறதுக்கும் பிரிண்ட் எடுக்கிறாங்களடா!"

திரும்பிப் போன பிறகு, வீடியோவில் என்னைத் தெருவெல்லாம் கொண்டு நடந்தாய். சலவைக்கடை வாசலில் சும்மா நிற்பவர்கள், நடைபாதையில் மேசை போட்டு செஸ் ஆடும் கிழவர்கள், எல்லாரும் கையாட்டினார்கள். மூலைக்கடைக்காரர் எனக்கு 'ஜேர்மனி' என்றே பேர் வைத்துவிட்டார். ஒரு நாட்டையே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தவன் நீ.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும், தெருவில் ஆராவது சும்மா நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். என் அம்மா, "என்னடா தேடுறாய்?" என்று கேட்பா. உன்னிடமிருந்து தொற்றியது, போகுதில்லை.

வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்: நான் நியூயோர்க் போகிறேன், அந்தத் தெருவில் ஒரு மணியையும் விடமாட்டேன், என்னைப் பிடிக்க ஒருத்தராலும் ஏலாது என்று. மாமியின் குரல்பதிவின் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது: "கடைக்காரர் கேக்கிறார், ஜேர்மனி எப்ப வருது எண்டு."

உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. அவர் "ஜேர்மனி!" என்று கூப்பிட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் ஆரையோ தேடிப் பார்த்தால் நான் என்ன செய்வது? அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 'ஓம் மாமி' என்று எழுதுகிறேன். அழித்துவிடுகிறேன்.