திண்டிவனத்துல எறங்கிப்போன மச்சானுக்கு

மூக்கு பெருத்த என் மச்சான் ஏழுமலைக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வரல. போன எடத்துல தலைவலி இல்லாம இருக்கியா? நீ போயிச் சேந்து பத்து மாசம் ஆவுது. உன் பொண்டாட்டி, அதான் என் தங்கச்சி வள்ளி, இன்னும் ரெண்டு பேருக்கு சோறு வடிக்கிறா. உன் பங்கை நான்தான் துன்னுக்கினு இருக்கேன். அதுக்கு என்னைத் திட்டாத.

ஒரு சேதி. எனக்கும் கட்டி வந்துட்டுதுய்யா. உனக்கு தலைக்குள்ள, எனக்கு காது நரம்புல. மல்லாக்கொட்டைப் பருப்பு அளவுதான். அதுலயும் நீதான் பெரிய ஆளு. சென்னையில அதே ஆஸ்பத்திரி, அதே மிஷின். "கத்தி கெடையாது, ரத்தம் கெடையாது தாத்தா. மிஷின் கை தானா சுத்தி வந்து கட்டி மேல மட்டும் கதிர் வுடும். நீங்க ஆடாம படுத்தா போதும்"னு அந்த நர்சுப் பொண்ணு உனக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிச்சி.

போன வாரம், கதிர் வுடும்போது தலை ஆடாம இருக்க மாஸ்க்கு எடுத்தாங்க. அதே பிளாஸ்டிக் வலை. சுடுதண்ணியில நனைச்சி மூஞ்சி மேல அமுக்குனாங்க. வாயத் தெறக்க முடியல. எழுபது வயசுல மொத தடவையா நான் பேசாம கெடந்தேன். அப்பதான் தெரிஞ்சிது, நீ எப்படி பயந்திருப்பன்னு.

உன்னை மொத ட்ரீட்மெண்டுக்கு கூட்டிக்கினு போனேனே, அன்னிக்கி விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டினதும் ஆரம்பிச்சிட்டேன்.

"யோவ், அந்த இரும்புக் கைக்கு கண்ணு இருக்குதா? கட்டின்னு நெனச்சி உன் மூக்கைச் சுட்டுட்டா?"

"சும்மா வாய்யா."

"மூஞ்சிக்கு வலை போட்டாச்சி. மேல மாலை ஒண்ணுதான் பாக்கி."

முன்சீட்டுக்காரங்க சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. திண்டிவனத்துல "ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்"னு எறங்கின. பஸ்ஸு எடுக்குற வரைக்கும் வரல. நான் எறங்கித் தேடினா, விழுப்புரம் போற பஸ்ஸுல ஜன்னலோரம் குந்திக்கினு இருக்குற.

கையைப் புடிச்சி இழுத்துக்கினு போயிருக்கணும். நான் என்ன பண்ணேன்? பக்கத்துல குந்தி சிரிச்சேன். கோலியனூரு டீக்கடையில போயி, "மிஷினைப் பார்க்காமலே ஓடியாந்த வீரன்"னு ஊரையே சிரிக்க வெச்சேன்.

அப்புறம் வள்ளி எவ்ளோ கெஞ்சியும் நீ கெளம்பல. "போனா உங்கண்ணன் கேலி, போவலன்னா தலைவலி. தலைவலியே தேவலாம்"னு சொன்னியாம். நீ போனதுக்கப்புறந்தான் அவ எங்கிட்ட சொன்னா.

மூணு மாசம் கழிச்சி நீ மயங்கி வுழுந்தப்ப ஜல்தியா தூக்கிக்கினு ஓடினோம். மாத்திரையில மூஞ்சி ஊதி அந்த மாஸ்க்கு பத்தல. கட்டியும் பெருத்துட்டுது. "அப்பவே வந்திருந்தா..."ன்னு டாக்டரு ஆரம்பிச்சாரு. என்னைப் பார்த்துட்டு நிறுத்திட்டாரு.

அந்த மாஸ்க்கை வள்ளி ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கியாந்து ஒரு துண்டுல சுத்தி பீரோவுல வெச்சிருக்கா. நேத்து எடுத்துப் பார்த்தேன். ஊதறதுக்கு முன்ன இருந்த உன் மூஞ்சி. அந்த மூக்கு போட்டோவுல கூட அப்படி வரல. வாய்க்கிட்ட ஒரு பக்கம் லேசா மேல ஏறியிருக்குது. படுத்துக்கினு சிரிச்சியா மச்சான்? நான் வெளிய என்ன கேலி பண்ணப் போறேன்னு நெனச்சியா?

திங்கக்கெழம எனக்கு மொத தடவ. வள்ளி கூட வர்றா. "நீயும் எறங்கிப் போயிட்டீன்னா எனக்கு யாருண்ணா இருக்காங்க?"ன்னு கேட்டா. 

இந்த தடவ பஸ்ஸுல என்னைக் கேலி பண்ண ஆளில்ல. பயத்தை விட அதான் பேஜாரு.

உன் மேல சத்தியமா சொல்றேன். திண்டிவனத்துல பஸ்ஸு நிக்கும். எனக்கு ஒண்ணுக்கு முட்டினாலும் எறங்க மாட்டேன். வேட்டி நனைஞ்சாலும் சீட்டை வுட்டு எழ மாட்டேன். நனைஞ்சா நீ சிரிச்சிக்கோ. நல்லா வாய்விட்டுச் சிரி.

உன்னைத் தனியா எறங்க வுட்ட
உன் வள்ளியோட அண்ணன்,
உன் வாயாடி மச்சான் கோவிந்தன்